இங்கிலாந்துப் பள்ளியில் தொடக்க கால வரலாறு: புதிதாக வரும் பெற்றோருக்கு

இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டத்தில், இயர் 3 முதல் இயர் 6 வரையிலான (7 முதல் 11 வயது) பிள்ளைகளுக்குக் கற்காலம் தொடங்கி, நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய 1066 வரையிலான பிரித்தானிய வரலாறு வைக்கப்பட்டிருக்கிறது. (ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் பாடத்திட்டம் வேறு.) எந்தக் காலத்தை எந்த வகுப்பில் நடத்துவது என்பதைப் பள்ளியே முடிவு செய்வதால், இடையில் வந்து சேரும் பிள்ளை, ரோமானியரைப் பற்றி எதுவுமே தெரியாமல், ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல்வழி வந்த வைக்கிங்குகளின் பாடத்தில் போய் உட்கார நேரலாம். ஆகவே இதுவரை எவை நடத்தி முடிக்கப்பட்டன என்பதைச் சேர்க்கும்போதே வகுப்பாசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விடுபட்டதைப் பிடிக்க, ஆண்டுகளை மனப்பாடம் செய்ய வைப்பதைவிடச் சுவரில் ஒரு காலக்கோடு ஒட்டுவது மேல். பத்து ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற அளவை மட்டும் மாற்றாதீர்கள். கி.பி. 43இல் பேரரசர் கிளாடியஸின் படை வந்து இறங்கியதிலிருந்து, ஏறத்தாழ 410இல் ரோமானிய ஆட்சி முடிந்தது வரை சுமார் 37 சென்டிமீட்டர். அங்கிருந்து 1066க்கு இன்னும் 65 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். கி.மு. 2500 வாக்கில் நிறுத்தப்பட்ட ஸ்டோன்ஹெஞ்சின் பெருங்கற்களோ, கிளாடியஸுக்கு இரண்டரை மீட்டர் முன்னால் போய் நிற்கும். நார்ஃபோக் கடற்கரையில் கண்டறியப்பட்ட மனிதக் காலடித் தடங்கள் எட்டு லட்சம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை என்பதால், அவற்றைக் குறிக்க வீட்டைவிட்டு 800 மீட்டருக்கும் அப்பால் நடக்க வேண்டும். கற்காலம் எவ்வளவு நீண்டது என்பது பிள்ளைக்கு அப்போதுதான் உறைக்கும்.

கி.மு. ஆண்டுகள் இறங்குமுகமாக வருவது பலரைக் குழப்பும்: ரோமானியத் தளபதி ஜூலியஸ் சீசர் பிரிட்டனுக்கு முதலில் வந்தது கி.மு. 55இல், மறுபடி வந்தது 54இல். அதைவிடப் பெரிய குழப்பம், ரோமானியருக்குப் பின் இங்கே குடியேறிய ஜெர்மானிய இனத்தவரான ஆங்கிலோ-சாக்சன்கள் போன பிறகுதான் வைக்கிங்குகள் வந்தார்கள் என்று நினைத்துக்கொள்வது. 793இல் லிண்டிஸ்ஃபார்ன் மடம் தாக்கப்பட்டபோதும், 878இல் எடிங்டனில் ஆங்கிலோ-சாக்சன் மன்னர் ஆல்ஃபிரட் வைக்கிங்குகளை வென்றபோதும் இரு தரப்பினரும் இந்த மண்ணில்தான் இருந்தார்கள். எனவே இவர்களுக்கு ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு பட்டைகள் ஒட்டுங்கள்.

லண்டனுக்கு அருகில் இருப்பவர்கள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். நிரந்தரக் காட்சிக்கூடங்களுக்குக் கட்டணமில்லை. சட்டன் ஹூ என்ற இடத்தில் கிடைத்த ஆங்கிலோ-சாக்சன் தலைக்கவசத்தைப் பார்த்த கையோடு, சஃபோக்கில் புதையலாகக் கிடைத்த ரோமானியர் காலத்து வெள்ளி மிளகுச் சிமிழையும் தேடிப் பாருங்கள். அந்நாளில் ரோமானியருக்கு மிளகு போனது நம் தென்னிந்தியக் கரையிலிருந்துதான். புதையலில் இருந்த காசுகளைக் கொண்டு, அது 407க்குப் பிறகே புதைக்கப்பட்டது என்று கணிக்கிறார்கள். ஆகவே சிமிழின் படத்தை ஒட்ட வேண்டிய இடம் ரோமானியப் பட்டையின் கடைசி விளிம்பு.