டெம்புரா: மாவு சில்லென்று, எண்ணெய் சூடாக

காய்களை மெல்லிய மாவில் தோய்த்துப் பொரிக்கும் ஜப்பானியப் பலகாரமான டெம்புரா வீட்டில் சொதப்பினால் காரணம் பெரும்பாலும் மாவுதான், அதுவும் நன்றாகக் கலக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தால்தான். பஜ்ஜிக்குக் கரைப்பது போலக் கட்டியே இல்லாமல் அடித்துக் கரைத்தால் முடிந்தது கதை. மைதாவில் தண்ணீர் சேர்த்துக் கிளறக் கிளற குளூட்டன் உருவாகி இழுவை வந்துவிடும், அப்புறம் அது எண்ணெயில் மொறுமொறுப்பாகாமல் தடித்த தோலாக நிற்கும். தண்ணீர் குளிர்ந்திருந்தால் குளூட்டன் மெதுவாகத்தான் உருவாகும். ஐஸ் தண்ணீர் கேட்பது அதற்காகத்தான், சும்மா சம்பிரதாயத்துக்கு இல்லை.

அதனால் மாவைக் கடைசியில் கரைக்கலாம், முதலில் டென்ட்சுயு என்ற தொட்டுக்கொள்ளும் சாஸைச் செய்துவிடுவோம். தாஷி என்ற ஜப்பானியச் சூப்புச் சாறு 4 பங்கு, சோயா சாஸ் 1, மிரின் என்ற இனிப்பு அரிசி மது 1. மிரினை மட்டும் முதலில் கொதிக்கவிட்டு ஆல்கஹால் வாசனை போனதும் மற்ற இரண்டையும் ஊற்றி ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுங்கள். தாஷியில் வழக்கமாகக் கட்சுவோபுஷி என்ற மீன் சீவல் சேரும். சைவம் என்றால் அரை லிட்டர் தண்ணீரில் 10 கிராம் கொம்பு (kombu) என்ற கடற்பாசியும் இரண்டு காய்ந்த ஷீட்டாக்கே காளானும் போட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்து, சின்னத் தீயில் சூடாக்கி, கொதிப்பதற்கு முன்பே கொம்பை எடுத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் வழவழப்பும் கசப்பும் சேரும். மிரின் இல்லையா, கொஞ்சம் சர்க்கரை போடுங்கள், அதே ருசி வராது, ஆனாலும் பழுதில்லை. வெள்ளை முள்ளங்கியைத் துருவி லேசாகப் பிழிந்து தனியாக வைத்தால் சாப்பிடும்போது சாஸில் கலந்துகொள்ளலாம். இதைத் தவிர்க்காதீர்கள், எண்ணெய்ப் பதார்த்தத்தின் திகட்டலை அதுதான் அடக்கும்.

காய்கள்: சர்க்கரைவள்ளி, பரங்கி, தாமரைக் கிழங்கு எல்லாம் அரை சென்டிமீட்டர் கனத்தில். கத்தரிக்காய், குடமிளகாய், காளான், ஷிசோ என்ற ஜப்பானிய வாசனை இலையும் நன்றாக வரும். வெண்டைக்காயையும் முழு மிளகாயையும் கத்தி நுனியால் ஒரு குத்துக் குத்திவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே நீராவி அடைபட்டு எண்ணெயில் வெடிக்கும். எல்லாவற்றையும் ஈரம் போகத் துடைத்து, மேலே உலர்ந்த மைதாவை லேசாகத் தூவுங்கள், அப்போதுதான் மாவு வழுக்காமல் ஒட்டும்.

எண்ணெய் காயும்போது மாவு. ஒரு முட்டையை உடைத்து ஐஸ் தண்ணீரோடு சேர்த்து 200 மில்லி வருமாறு அடித்துக்கொண்டு, சலித்த 100 கிராம் மைதாவை அதில் கொட்டி, சாப்ஸ்டிக்கால் நாலைந்து முறை குத்திக் கலக்கி விட்டுவிடுங்கள். கட்டி கட்டியாக, உலர்ந்த மாவு அங்கங்கே தெரிய, பார்க்கவே அரைகுறையாக இருக்கும். அதுதான் சரி, மேலும் கிளறக் கை பரபரத்தாலும் கிளறாதீர்கள். முட்டை வேண்டாம் என்றால் வெறும் ஐஸ் தண்ணீரும், மைதாவில் கால் பங்குக்குப் பதிலாக சோள மாவும் (கார்ன்ஃப்ளோர்) போதும்.

ஒரு சொட்டு மாவை எண்ணெயில் விட்டுப் பாருங்கள். அடிவரை போய் மெல்ல எழும்பினால் இன்னும் சூடாகவில்லை. பாதி ஆழம் போய்ச் சட்டென மேலே வந்தால் 170 முதல் 180 டிகிரி, ஆரம்பிக்கலாம். அமிழாமல் மேலேயே சிதறினால் அதிகச் சூடு. கிழங்குகளுக்குச் சற்றுக் குறைத்து 160, 170 போதும், உள்ளே வேக நேரம் வேண்டுமே. ஒரு நேரத்தில் எண்ணெயின் பாதிப் பரப்புக்கு மேல் போடாதீர்கள், சூடு இறங்கினால் மாவு எண்ணெயைக் குடிக்கும். பெரிய குமிழிகள் சிறிதாகி, சலசலப்பு மெல்லிய சத்தமாக மாறும்போது எடுத்து, தாளில் படுக்கப் போடாமல் கம்பித் தட்டில் சாய்த்து நிறுத்துங்கள்.

ஒவ்வொரு ஈட்டுக்கும் நடுவில் மிதக்கும் மாவுத் துணுக்குகளை அரித்துவிடுங்கள், கருகினால் அடுத்த ஈடு கசக்கும். எறிய வேண்டாம், அதற்கு டென்காசு என்று பெயர், உடோன் நூடுல்ஸ் சூப்பின் மேல் தூவிச் சாப்பிடலாம்.