சூடானால் நின்றுவிடும் பத்மினி

முதன்முதலாகப் பழைய கார் வாங்க ஆசைப்பட்டு பிரீமியர் பத்மினியை எடுத்தேன். 1089 சிசி எஞ்சின், ஸ்டீயரிங் தண்டிலேயே கியர், கம்ப்யூட்டர் என்று எதுவும் கிடையாது. பெயின்ட், சீட் எல்லாம் புதுசாக்கி வைத்திருந்த வண்டி. காலையில் அழகர்கோவில் வரை ஜம்மென்று போகும். மதியம் மதுரை கோரிப்பாளையம் சிக்னலில் நின்றால் அவ்வளவுதான், இருமிவிட்டு அணைந்துவிடும். பின்னால் வரும் ஷேர் ஆட்டோக்காரர் ஹாரனிலேயே திட்டுவார். அரைமணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும்.

கரண்ட் கோளாறு என்று நினைத்து, தீப்பொறி தரும் காயில், பிளக், கண்டென்சர் என்று வரிசையாக மாற்றினேன். காசு போனதுதான் மிச்சம்.

பழங்காநத்தத்தில் வயதான மெக்கானிக் ஒருவர், வண்டி நின்ற நேரத்தில் பானட்டைத் திறந்து பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணியைப் போட்டார். துணியிலிருந்து ஆவி கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. "கரண்ட்டுல குறை இல்ல சார், பெட்ரோல் பைப்புலயே கொதிக்குது" என்றார். பம்புக்குள் ஆவி புகுந்துவிட்டால் பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் ஏறாது.

குனிந்து பார்த்தால், முன்பு புதுப்பித்தவர்கள் பெட்ரோல் பைப்பை, சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை ஒட்டியே வளைத்திருந்தார்கள். பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே இருக்க வேண்டிய சூட்டைத் தடுக்கும் தடித்த பேக்கலைட் துண்டையும் காணோம், வெறும் பேக்கிங் தாள்தான். எஞ்சின் நன்றாக ஆறியபின் பைப்பை நாலு விரல் தள்ளி மாற்றினோம். பேக்கலைட் துண்டின் கனம் கூடினால் பம்பின் நெம்புகோல், எஞ்சினுக்குள் சுழன்று அதை அசைக்கும் கேமுக்கு எட்டாது. அதனால் வேறொரு பத்மினியில் அளந்து அதே கனத்தில் தேடினோம், அதற்கே ஒரு நாள் அலைச்சல்.

அப்புறம் கத்திரி வெயிலில் மேலூர் வரை போய்வந்தேன். நிற்கவில்லை. ஈரத்துணி மட்டும் இன்னும் டிக்கியில் கிடக்கிறது.