ஷெல் ஸ்கிரிப்ட்டில் சொல் மாற்றம்: ஆர்குமென்ட் வாங்கும் முறை

ஒரு ஃபைலிலுள்ள சொல்லை மாற்ற ஷெல் ஸ்கிரிப்ட் (வரிசையாக இயங்கும் கட்டளைகள் கொண்ட ஃபைல்) எழுதும்போது, தேடும் சொல், புதுச் சொல், ஃபைல் பெயர் மூன்றையும் ஸ்கிரிப்ட்டுக்குள் எழுதி வைக்க வேண்டாம். கட்டளை வரியில் ஆர்குமென்ட்களாக (ஸ்கிரிப்ட் பெயருக்குப் பின் தரும் மதிப்புகள்) கொடுத்தால் அதே வரிசையில் $1, $2, $3 என வந்துவிடும். முதலில் $# (வந்த ஆர்குமென்ட்களின் எண்ணிக்கை) மதிப்பு 3தானா என்று பாருங்கள். இல்லையென்றால் பயன்படுத்தும் முறையை ஒரு வரியில் காட்டி, எக்சிட் 1 (exit 1, பிழையோடு முடிந்தது என்று பொருள்) கொடுத்து நிறுத்துங்கள்.

அடுத்து, சொல்லைத் தேடி மாற்றும் செட் (sed) கட்டளை. பலரும் சறுக்குவது மேற்கோள் குறியில்தான். ஒற்றை மேற்கோளுக்குள் $1 விரியாது. செட் $1 என்ற எழுத்துகளையே தேடும். ஃபைல் மாறாது, பிழைச் செய்தியும் வராது, காரணம் புரியாமல் நேரம் போகும். இரட்டை மேற்கோள் போடுங்கள். "$3" என்பதற்கும் அது தேவை, இல்லாவிட்டால் இடைவெளியுள்ள ஃபைல் பெயர் இரண்டாக உடையும்.

ஃபோல்டர் பாதையை மாற்றும்போது அதிலுள்ள / குறி செட்டில் தேடும் சொல்லையும் புதுச் சொல்லையும் பிரிக்கும் / குறியோடு (பிரிப்பான்) மோதும். பிரிப்பானாக | வைத்தால் போதும். புதுச் சொல்லில் & இருந்தால் கண்டுபிடித்த சொல்லே அங்கு வந்து உட்காரும்; முன்னால் \ சேருங்கள். தேடும் சொல்லிலுள்ள புள்ளி எந்த எழுத்துக்கும் பொருந்தும், அதற்கும் \ வேண்டும்.

வெளியீட்டை > போட்டு அதே ஃபைலுக்கு அனுப்பவே கூடாது. செட் படிக்கும் முன்பே ஷெல் அதைக் காலியாக்கிவிடும். தற்காலிக ஃபைலில் எழுதி, சரிபார்த்து, பிறகு அதற்குப் பழைய ஃபைலின் பெயரைக் கொடுங்கள்.