இரவில் நரியையும் மரநாயையும் மிரள வைக்காமல் தானியங்கிக் கேமரா வைப்பது எப்படி?

பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்து முந்திரித் தோப்புகளிலும், கடலூர் முதல் புதுச்சேரி வரையுள்ள பனை வரிசைகளிலும் ஏரிக்கரைகளிலும் நரி, மரநாய், புனுகுப்பூனை, காட்டுப்பூனை ஆகியவை இரவில்தான் அதிகம் நடமாடுகின்றன. இவற்றை அறிந்துகொள்ள, விலங்கு கடக்கும்போது தானே படமெடுக்கும் தானியங்கிக் கேமரா நல்ல வழி. ஆனால் கேமராவைக் கண்டு விலங்கு தன் வழியையே மாற்றிக்கொண்டால், நாம் பதிவு செய்வது அதன் இயல்பான நடமாட்டம் அன்று. கருவியைவிட, அதை வைக்கவும் பார்க்கவும் நாம் அடிக்கடி போய்வருவதே விலங்கை அதிகம் விலக்குகிறது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் கேமரா இல்லாமல் போய்த் தடம் பாருங்கள். வாய்க்கால் ஓரத்து ஈரச்சேற்றில் பதிந்த காலடியில் நகக்குறி தெரிந்தால் அது நரியாகவோ நாயாகவோ இருக்கலாம். பூனை இனங்கள் நடக்கும்போது நகத்தை உள்ளிழுத்துக்கொள்வதால், காட்டுப்பூனையின் தடம் பெரும்பாலும் நகக்குறி இல்லாமல் வட்டமாக இருக்கும். பழக்கொட்டைகள் நிறைந்த எச்சம் பாறை மீதோ கிளை மீதோ கிடந்தால் அருகில் மரநாய் இருக்கிறது என்று எண்ணலாம். இத்தகைய வழித்தடத்தின் ஓரமே ஏற்ற இடம். வளைக்கோ பொந்துக்கோ எதிரில் கேமரா வைக்கவே கூடாது. குட்டிகளோடு இருக்கும் தாய் இடம் மாற நேரிடும்.

அடுத்தது ஒளி. இரவில் படமெடுக்கும் கேமராக்கள் பெரும்பாலும் 850 அல்லது 940 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்குகளைக் கொண்டிருக்கும். 850 வகை தொலைவு வரை தெளிவாகப் படமெடுக்கும். ஆனால் இயங்கும் நொடியில் அதன் முகப்பு இருட்டில் தணல்போல மங்கிய சிவப்பாகத் தெரியும். 940 வகையில் அந்தச் சிவப்பு நம் கண்ணுக்குத் தெரியாது. படம் சற்றுப் புள்ளி தட்டும், எட்டும் தொலைவும் குறையும். தோப்பு வழியில் 3 முதல் 5 மீட்டருக்குள்தான் விலங்கு கடக்கும் என்பதால், படத்தின் அழகை விட்டுக்கொடுத்து 940 வகையையே வாங்குங்கள். வெள்ளை ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். குறிப்பாகத் தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் நம் கடற்கரையில் எந்த வெளிச்சமும் கேடுதான். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் கடலை விட்டு அந்த வெளிச்சத்தை நோக்கித் திரும்பிவிடும்.

ஒளிக்கு அடுத்தபடியாக ஓசை. கேமரா இரவு நிலைக்கு மாறும்போது உள்ளே இருக்கும் வடிகட்டி நகர்ந்து 'டிக்' என்று கேட்கும். நமக்குக் கேட்காத மெல்லிய ஓசைகளும் விலங்குகளின் காதில் விழும். வாங்கிய கேமராவை இரவில் அமைதியான அறையில் இயக்கி, அருகில் நின்று கேட்டுப் பாருங்கள். நீண்ட வீடியோ எடுத்தால் விளக்கு தொடர்ந்து எரியும் என்பதால், தொடக்கத்தில் ஒற்றைப் படங்களும், இரண்டு படங்களுக்கு இடையே அரை நிமிட இடைவெளியும் போதும்.

நரிக்கு முழங்கால் உயரத்திலும், மரநாய்க்கு அதைவிடத் தாழ்வாகவும் கட்டுங்கள். விலங்கு எதிரே நடந்து வராமல் குறுக்கே கடக்கும்படி திருப்பி வைத்தால், முகத்துக்கு நேரே கருவி நிற்காது, வெப்ப உணரியும் நன்றாக வேலை செய்யும். உடல் சூட்டுக்கும் சுற்றுப்புறச் சூட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டே அந்த உணரி இயங்குவதால், சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் உணர்திறனைக் கூட்ட வேண்டும். ஐப்பசிக் காற்றில் ஆடும் புல்லும் கிளையும் வெற்றுப் படங்களாகக் குவியுமாதலால், முன்னால் உள்ள புல்லை மட்டும் அளவோடு விலக்குங்கள். புதரை வெட்டித் திறந்துவிட்டால் விலங்குகள் அந்த வழியையே தவிர்க்கும்.

கேமராவை மரத்தில் கட்டும் புதிய பட்டையின் நெடி போகச் சில நாள் வெளியில் காய வைத்து மண் தேய்த்துவிடுங்கள். வாசனைச் சோப்பு, கொசு விரட்டிக் களிம்பு, தலையெண்ணெய் ஆகியவை கருவியில் படாமல் கையுறை அணியுங்கள். படங்கள் பதிவாகும் நினைவக அட்டையை எடுக்க உச்சி வெயிலில் போங்கள், மாலையில் போகாதீர்கள். ஆர்வத்தை அடக்கிக்கொண்டு இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை போனால் போதும். இரை வைத்து அழைப்பது தெருநாய்களையே முதலில் கூட்டிவரும்.

படங்களைப் பார்க்கும்போது விலங்கு என்ன செய்கிறது என்று கவனியுங்கள். தலை நிமிர்ந்து லென்ஸையே உற்றுப் பார்ப்பது, அடி எடுத்து வைத்துப் பின்வாங்குவது, பிறகு பல நாள் வராமல் போவது ஆகியவை மிரட்சியின் அடையாளங்கள். அப்படித் தெரிந்தால் கேமராவைக் கழற்றி, தடத்திலிருந்து இன்னும் தள்ளி வேறு மரத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

தோப்புக்காரரிடம் முன்பே கேளுங்கள். விடியலில் பெண்களும் பனையேறிகளும் போகும் பாதையில் வைக்காதீர்கள். பிச்சாவரம் போன்ற காப்புக்காட்டிலும் ஊசுட்டேரி போன்ற சரணாலயத்திலும் வனத்துறையின் அனுமதி பெறாமல் கேமரா வைக்கக் கூடாது. நரிக்கொம்பு என்ற பொய் நம்பிக்கைக்காக நரிகள் இன்னும் கொல்லப்படுகின்றன. ஆகவே படத்தைப் பகிருமுன் அதில் பதிந்துள்ள இடக்குறிப்பை நீக்கிவிட்டு, ஊர்ப் பெயரையும் எழுதாமல் மாவட்டத்தின் பெயரை மட்டும் குறிப்பிடுங்கள்.