'வழுக்கி விழுந்துட்டேன்' என்று டாக்டரிடம் சொல்லாதீர்கள்

வீங்கிய கையோடு அரசு மருத்துவமனைக்கு வரும் பெண்ணிடம் 'எப்படிம்மா ஆச்சு?' என்று கேட்டால், 'பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்' என்பாள். அடித்தவர் பக்கத்திலேயே சீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது வேறு என்ன சொல்வாள்? ஆனால் டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவது அதைத்தான். பின்னால் வழக்கு என்று போனால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் நீட்டுவதும் அந்தப் பதிவைத்தான். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நான் பார்த்தவரை, அதிகம் நடக்கும் தவறு இது. கூட வந்தவரை வெளியே அனுப்பச் சொல்லி, நர்ஸிடமாவது தனியாக உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, 'கம்ப்ளைன்ட் கொடுத்தா வாழ்க்கையே போயிடும்' என்கிற பயம். ஸ்டேஷனுக்குப் போவது ஒரு வழி, அவ்வளவுதான். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் நிவாரணம் கேட்க விவாகரத்து தேவையில்லை. மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். கலெக்டர் ஆபீஸில் விசாரித்தால் வழி சொல்வார்கள். நடந்ததை அறிக்கையாக எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவது அவர் வேலை. அடிக்கக் கூடாது, வீட்டைவிட்டுத் துரத்தக் கூடாது, மாதச் செலவுக்குப் பணம் தர வேண்டும் என்றெல்லாம் உத்தரவு கேட்கலாம். வீடு மாமியார் பெயரில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம், குடித்தனம் நடத்திய வீட்டில் இருக்க உரிமை உண்டு. 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கும்தான். அதனால் இடைக்கால உத்தரவையும் சேர்த்துக் கேளுங்கள்.

அப்புறம் நம் ஊர்ப் பெரிய மனுஷங்க. 'இனிமே கை நீட்ட மாட்டேன்' என்று வெள்ளைப் பேப்பரில் எழுதி வாங்கி, பெண்ணை அதே வீட்டுக்கு பஸ் ஏற்றிவிடுவார்கள். நல்ல எண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பேப்பரை மீறினால் யாரும் கேட்கப் போவதில்லை. கோர்ட் கொடுத்த பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

வாழ்ந்தது ஓசூர், அம்மா வீடு அரூர் என்றால், வாய்தாவுக்கு வாய்தா ஓசூருக்கு அலைய வேண்டியதில்லை. இப்போது தங்கியிருக்கும் ஊருக்கான கோர்ட்டிலேயே மனு போடலாம். வக்கீலுக்குப் பணமில்லையா? சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள், எண் 15100. ராத்திரியில் போக்கிடம் இல்லாவிட்டால், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கென்றே அரசின் ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. சில நாள் தங்கலாம், ஆலோசனையும் கிடைக்கும்.

பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிட்டால் எந்நேரமும் எடுப்பார்கள். ஆனால் கணவர் எடுத்துப் பார்க்கிற போனிலிருந்து கூப்பிடாதீர்கள், கால் லிஸ்டில் நிற்கும். பக்கத்து வீட்டு அக்கா போன் போதும். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் ஜெராக்ஸையும் அவரிடமே கொடுத்து வையுங்கள். அந்த அக்காவுக்கும் ஒன்று: பாதுகாப்பு அலுவலரிடம் நீங்களே தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தில் சொன்னதற்காக உங்கள்மேல் வழக்கு வராது.