சிம்பொனி, ஓப்பரா ஒலிப்பதிவுகளை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையிலோ ஈரோட்டிலோ இருந்துகொண்டு மேற்கத்தியச் செவ்வியல் இசையை விரும்பிக் கேட்பவருக்கு ஒலிப்பதிவுதான் கச்சேரி. ஓப்பரா எனும் இசை நாடகம் நடக்கும் அரங்கு அருகில் இல்லாததால், ஒரு படைப்பைப் பற்றி அவர் கொள்ளும் கருத்து பெரும்பாலும் ஒரு பதிவைப் பற்றிய கருத்தாகவே இருந்துவிடுகிறது. இசைத்தவர்களின் திறமை, பதிவு செய்தவர்களின் வேலை, நம் அறையும் ஒலிபெருக்கியும் என்ற மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொன்னால், ஒருவர் செய்த குறைக்கு இன்னொருவர் பழி சுமக்க நேரிடும்.

ஒலியளவை மெல்லிய தொடக்கத்தைக் கேட்டு அமைத்துக்கொள்வதே மிகுதியாக நடக்கும் தவறு. வாக்னரின் 'டாஸ் ரைன்கோல்ட்' ஓப்பரா, டபுள் பேஸ் எனும் பெரிய நரம்புக் கருவிகளின் அடிமட்ட ஒலியில், காதுக்கு எட்டியும் எட்டாமலும் தொடங்கி, 136 தாள அளவுகளுக்கு ஒரே சுரக்கூட்டின் மீது மெல்ல வளர்கிறது. பல்லடம், சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓசைக்கு நடுவில் வாழ்பவருக்கும், மின்விசிறி சுழலும் அறையில் அமர்பவருக்கும் இந்தத் தொடக்கம் கேட்காது. உடனே ஒலியைக் கூட்டுவார்கள். பிறகு அதே படைப்பில் 18 பட்டடைகள் ஒருசேர அறையப்படும் இடம் வரும்போது காது வலிக்கும், பழி பதிவின் மேல் விழும். உரத்த பகுதியை முதலில் ஒலிக்கவிட்டு அதற்கேற்ப அளவை அமைத்துவிட்டு, அமைதியான நேரத்தில் முதலிலிருந்து கேட்பதே முறை. இரண்டு பதிவுகளை ஒப்பிடும்போதும் இரண்டின் ஒலியளவையும் சமமாக்கிக்கொள்ள வேண்டும். சற்றே உரக்க ஒலிப்பது எதுவானாலும் அதுவே தெளிவானதாகவும் உயிருள்ளதாகவும் காதுக்குத் தோன்றும்.

இரைச்சல் இருப்பதால் பழைய பதிவை ஒதுக்குவது இதைவிடப் பெரிய இழப்பு. இடம், வலம் என இரு தடங்களில் ஒலிக்கும் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் 1958-இல்தான் பரவலாக விற்பனைக்கு வந்தன. அதற்கு முந்தைய தலைமுறையின் மாபெரும் பாடகர்களை நாம் பெரும்பாலும் மோனோவில்தான், அதாவது ஒற்றைத் தட ஒலியில்தான், கேட்க முடியும். மிலானின் லா ஸ்காலா குழுவை விக்டர் டி சபாட்டா நடத்த, மரியா காலாஸும் டிட்டோ கோபியும் பாடிய 1953-ஆம் ஆண்டின் 'டோஸ்கா' ஓப்பரா மோனோ பதிவுதான். இரண்டாம் அங்கத்தின் முடிவில், கொடிய காவல்துறைத் தலைவன் ஸ்கார்பியாவைக் கொன்றுவிட்டு, ரோம் நகரமே இவன் முன் நடுங்கியதே என்று நாயகி டோஸ்கா சொல்லும் வரியில் காலாஸின் குரலை ஒருமுறை கவனித்துக் கேட்டவர், இரைச்சலைக் காரணம் காட்டி அந்தப் பதிவை விலக்க மாட்டார் என்பது என் உறுதியான எண்ணம். இரைச்சலை நீக்கிய மறுபதிப்பு எப்போதும் மேல் என்பதும் இல்லை. அளவுக்கு மீறித் துடைத்தால் வயலின் வில்லின் உரசலும் அரங்கின் இயல்பான ஒலிச்சூழலும் சேர்ந்தே போய்விடும்.

கர்நாடக இசையில் ஊறிய காதுக்கென்று தனியாக ஒரு தடுமாற்றம் உண்டு. தம்புராவோடு இழைந்த சுருதியைக் கேட்டு வளர்ந்தவருக்கு, ஓப்பராக் குரலின் தொடர்ந்த அதிர்வு சுருதி விலகலாகத் தோன்றலாம். ஒலிவாங்கி இல்லாமல் முழு ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டிக் கடைசி வரிசைவரை எட்டப் பயின்ற குரலில் சீரான, விரைவான அதிர்வு இயல்பானது. அது மெதுவாகி அகன்று, எந்தச் சுரம் என்றே பிடிபடாமல் ஆடும்போதுதான் குறை. குரலின் பருமனை மட்டும் பதிவை வைத்துச் சொல்லவே கூடாது, ஏனெனில் ஒலிவாங்கியின் இடம் சிறிய குரலையும் பெரிதாக்கும். ஸ்டுடியோப் பதிவு ஒரே மாலையின் சாட்சியமும் அன்று: ஆர்கெஸ்ட்ராவை வழிநடத்தும் நடத்துநரான ஃபுர்ட்வெங்லர் 1952-இல் பதிவு செய்த 'ட்ரிஸ்டான் உண்ட் இசோல்டே'யில், நாயகியாகப் பாடிய கிர்ஸ்டன் ஃப்ளாக்ஸ்டாடுக்காக உச்ச சுரங்களைக் கொடுத்தவர் இன்னொரு பாடகியான எலிசபெத் ஷ்வார்ட்ஸ்கோப்.

மொத்த நேரத்தைப் பார்த்து ஒரு நடத்துநரை வேகமானவர், மந்தமானவர் என்று வகைப்படுத்துவதும் சரியன்று. பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில் முதல் இயக்கத்தின் தொடக்கப் பகுதியைத் திரும்ப வாசிக்கும்படி அவரே குறித்திருக்கிறார். அதைச் சிலர் விட்டுவிடுவதால் நிமிடக்கணக்கு மாறுகிறது, நடை மாறுவதில்லை.

'கராயனின் பீத்தோவன்' என்று பொத்தாம்பொதுவாகப் பேசுவதும் அவ்வாறே. ஹெர்பர்ட் வான் கராயன் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்குடன் மட்டுமே ஒன்பது சிம்பொனிகளையும் 1960-களிலும் 1970-களிலும் 1980-களிலும் தனித்தனியாகப் பதிவு செய்தார். ஆகவே ஒரு பதிவைப் பாராட்டினாலும் குறை சொன்னாலும், நடத்துநர் பெயரோடு குழு, ஆண்டு, இடம் ஆகியவற்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.