ஊர் போர் நினைவுத்தூண்ல ஒரு பேர் ஏன் இருக்கு, இன்னொரு பேர் ஏன் இல்ல: கண்டுபிடிக்கிறது எப்படி

இங்கிலாந்துல எந்த சின்ன ஊருக்குப் போனாலும் சர்ச் வாசல்லயோ நாலு ரோடு சேர்ற இடத்துலயோ ஒரு கல் சிலுவை நிக்கும், கீழ 1914–1918னு போட்டு, முதல் உலகப் போர்ல செத்தவங்க பேர் வரிசையா இருக்கும். இங்க வந்த புதுசுல நான் என்ன நினைச்சேன்னா, ராணுவம் ஒரு லிஸ்ட் அனுப்பியிருக்கும், அத அப்படியே செதுக்கிட்டாங்கன்னு. கிடையாதுங்க. யார் பேர் போடணும்னு அரசாங்கம் எந்த விதியும் போடல, அந்தந்த ஊர்க்காரங்களே கமிட்டி போட்டு, வசூல் பண்ணி, அவங்களே முடிவு பண்ணதுதான். அதனாலதான் ஒரே ஆள் பேர் மூணு கல்லுல இருக்கும், இன்னொருத்தர் பேர் ஒண்ணுலயும் இருக்காது. உங்க தெருமுனையில இருக்கிற தூண பாத்து "இந்த ஆள் யாரு, ஏன் இங்க"ன்னு தோணுச்சுன்னா எங்க ஆரம்பிக்கணும்னு சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயம் மண்டையில ஏத்திக்கோங்க. 1915லயே உடல ஊருக்கு கொண்டு வரக்கூடாதுன்னு தடை வந்துருச்சு. பையன் பிரான்ஸ்லயோ துருக்கி பக்கம் கலிப்போலிலயோ கிடக்கான், போய் பாக்க காசு கிடையாது, பாதிப் பேருக்கு எங்க புதைச்சாங்கன்னே தெரியாது. அப்போ அம்மாவுக்கு பூ வைக்க இருந்த ஒரே இடம் இந்தக் கல்லுதான். பேர் விட்டுப்போறது அங்க சின்ன விஷயம் இல்ல. ஒவ்வொரு பேருக்கும் கமிட்டில அவ்ளோ சண்டை நடந்தது அதனாலதான்.

சரி வேலைக்கு வருவோம். தூண போய் நாலு பக்கமும் போட்டோ எடுங்க, வெயில் சாய்வா விழுற காலை நேரம் பெஸ்ட், எழுத்தோட பள்ளத்துல நிழல் விழுந்து தேஞ்ச எழுத்து கூட தெரியும். நெட்ல யாரோ டைப் பண்ணி வெச்சத நம்பாதீங்க, நான் நம்பி ஒரு இனிஷியல் தப்பால ரெண்டு மாசம் வேற ஒரு குடும்பத்த துரத்திக்கிட்டு இருந்தேன், கடைசில கல்ல நேர்ல பாத்தா ஜே இல்ல, ஐ.

போட்டோவுல என்ன பாக்கணும்னா, வரிசை எப்படின்னு. அகர வரிசையா, பதவி வரிசையா, செத்த தேதி வரிசையா? பதவிப்படி ஆபீஸர் மேல, சாதா சிப்பாய் கீழன்னு இருந்தா அந்தக் கமிட்டில யாரு பேச்சு எடுபட்டுச்சுன்னு ஓரளவு தெரிஞ்சுரும். ராணுவக் கல்லறைகள்ல பதவி பேதம் கூடாதுன்னு 1918லயே முடிவாயிடுச்சு, ஆனா ஊர் தூணுக்கு அது பொருந்தாது, அவங்க இஷ்டம். அதவிட முக்கியம், அகர வரிசையா வந்துட்டு கடைசில மட்டும் ஒண்ணு ரெண்டு பேர் வரிசை மாறி ஒட்டிக்கிட்டு இருக்கா பாருங்க, எழுத்து சைஸ் கூட லேசா வித்தியாசமா இருக்கும். அதெல்லாம் திறப்பு விழாவுக்கு அப்புறம் சேத்தது. யாரோ ஒரு அம்மா போய் "எம்புள்ள பேரு எங்க"ன்னு கேட்டிருக்கணும், இல்ல அந்த ஆள் லேட்டா செத்திருக்கணும்.

வருஷத்தையும் பாருங்க. சில தூண்ல 1914–1918, சிலதுல 1914–1919. தப்பு இல்ல அது. 1918 நவம்பர்ல சண்டை நின்னுச்சு, சமாதான ஒப்பந்தம் வெர்சாய்ல கையெழுத்தானது 1919 ஜூன்ல. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 1921 ஆகஸ்ட் 31 வரைக்கும் செத்தவங்கள கணக்குல எடுத்துக்குது. ஆனா 1920ல தூண் திறந்த ஊர்ல, 1921ல விஷவாயு பாதிப்புல நுரையீரல் போய் செத்தவன் பேரு எப்படி வரும்? கல்லு ஏற்கனவே செதுக்கியாச்சு.

அடுத்து, அந்த லிஸ்ட் எப்படி உருவாச்சுன்னு தேடணும். நிறைய ஊர்ல போர் நடக்கும்போதே சர்ச்ல பிரார்த்தனைக்குன்னு போனவங்க பேர் எழுதி வெச்சிருந்தாங்க, 1916 வாக்குல லண்டன் ஹாக்னி பக்கம் தெருவுக்குத் தெரு சின்ன சின்ன நினைவுப் பலகையே வெச்சு பூ போட்டுக்கிட்டு இருந்தாங்க, மேரி மகாராணியே வந்து பாத்துட்டுப் போனாங்க. போர் முடிஞ்சப்புறம் கமிட்டிக்கு இந்த மாதிரி லிஸ்ட்தான் கைக்கு கிடைச்ச முதல் சரக்கு. அதுக்கு மேல வீடு வீடா போய் கேக்குறது, சர்ச் கதவுல கடை ஜன்னல்ல லிஸ்ட்ட ஒட்டி "விட்டுப்போனது இருந்தா சொல்லுங்க"ங்கிறது, லோக்கல் பேப்பர்ல அறிவிப்பு குடுக்குறது. கதவ தட்டும்போது வீட்ல யாரு இருந்தாங்கங்கிறதுதான் பாதி முடிவு. குடும்பம் 1917லயே வேற ஊருக்குப் போயிருந்தா சொல்ல ஆள் கிடையாது, பேரும் கிடையாது.

இத நீங்க சோதிச்சே பாக்கலாம். 1911 சென்சஸ்ல அந்தக் குடும்பம் அந்த ஊர்ல இருக்கா பாருங்க, அப்புறம் 1921 ஜூன்ல எடுத்த சென்சஸ்ல (2022ல தான் வெளிய விட்டாங்க) இன்னும் இருக்கான்னு பாருங்க. ரெண்டுலயும் இருந்தும் பேர் தூண்ல இல்லன்னா காரணம் வேற. முதல்ல இருந்து ரெண்டாவதுல இல்லன்னா, பெரும்பாலும் இடம் மாறுனதுதான் காரணம். இந்த ஒரு கம்பேரிசன்லயே நிறைய மர்மம் அவுந்துரும், இது ஏன் யாரும் முதல்ல பண்றதில்லன்னு எனக்கு இன்னும் புரியல.

கமிட்டி மினிட்ஸ் புக் (கூட்டத்துல பேசுனத எழுதி வெச்ச நோட்டு) கிடைச்சா லாட்டரி அடிச்ச மாதிரி. அந்த கவுன்டியோட (நம்ம மாவட்டம் மாதிரி) ரெக்கார்ட் ஆபீஸ்ல கேளுங்க, "வார் மெமோரியல் கமிட்டி"ன்னு மட்டும் கேக்காம பாரிஷ் கவுன்சில் (ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி) மினிட்ஸ், சர்ச் பேப்பர் எல்லாத்தையும் கேளுங்க. சர்ச் ஆஃப் இங்கிலாந்து கட்டடத்துல பலகை மாட்டணும்னா மறைமாவட்டத்துக்கிட்ட ஃபேகல்ட்டின்னு ஒரு அனுமதி வாங்கணும், அந்த விண்ணப்பத்தோட டிசைன், சில சமயம் பேர் பட்டியலே இருக்கும். கூடவே 1919ல இருந்து 1921 வரை லோக்கல் பேப்பர பொறுமையா புரட்டுங்க, திறப்பு விழா செய்தில மொத்தப் பேரும் அச்சடிச்சிருப்பாங்க, கல்லுல தேஞ்சுபோன எழுத்துக்கு அதுதான் மருந்து.

கமிட்டி என்ன தகுதி வெச்சுதுங்கிறது அடுத்த தலைவலி. இங்க பொறந்தவனா, இங்க குடியிருந்தவனா, இங்க இருந்து பட்டாளத்துல சேந்தவனா, இல்ல அப்பா அம்மா இப்போ இங்க இருந்தா போதுமா? ஊருக்கு ஊர் மாறும். 1921ல ராணுவம் வெளியிட்ட இறந்த சிப்பாய்கள் பட்டியல்ல பொறந்த ஊர், சேந்த ஊர், சில சமயம் குடியிருந்த ஊர் மூணும் இருக்கும். தூண்ல இருக்கிற எல்லாப் பேருக்கும் இந்த மூணையும் ஒரு பேப்பர்ல கட்டம் போட்டு எழுதுங்க, பத்து பேர் முடியும்போதே கமிட்டியோட கணக்கு பிடிபடும். கல்லறை ஆணையத்தோட தளத்துல பெத்தவங்க அட்ரஸும் இருக்கும் சிலருக்கு, அதையும் சேத்துக்கோங்க. அந்த ஆளோட சர்வீஸ் ஃபைல் (ராணுவத்துல இருந்த பதிவு) கிடைக்கலன்னா மனசு விட வேணாம், 1940 செப்டம்பர்ல ஜெர்மன் குண்டு விழுந்து சுமார் 60 சதவீதம் எரிஞ்சு போச்சு.

ஊர் தூணோட நிக்காதீங்க. ஸ்கூல், ஃபேக்டரி, ரயில்வே ஸ்டேஷன், போஸ்ட் ஆபீஸ், கிரிக்கெட் கிளப், வேற சபை சர்ச்னு ஆளாளுக்கு பலகை வெச்சாங்க. மெதடிஸ்ட் குடும்பத்துப் பையன் பேரு பாரிஷ் சர்ச்ல இல்லாம அவங்க சேப்பல்ல மட்டும் இருக்கிறது சகஜம். இம்பீரியல் வார் மியூசியத்தோட நினைவுச்சின்னப் பதிவேட்டுல 90 ஆயிரத்துக்கு மேல பதிவு இருக்கு, ஊர் பேர போட்டு தேடுனா சுத்துப்பட்டு எல்லாம் வந்துரும். "ரோல் ஆஃப் ஹானர்"னு போட்டிருந்தா கொஞ்சம் உஷார், அதுல உயிரோட திரும்புனவங்களும் இருப்பாங்க.

இப்போ வேணும்னே விட்ட பேருங்க. காணாமப் போனவன் திரும்பி வருவான்னு நம்பிக்கிட்டு இருந்த சில வீட்டுக்காரங்க பேர் குடுக்கவே மாட்டேன்னுட்டாங்க, குடுத்தா செத்துட்டான்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ல. அதுக்கு அப்புறம் சொந்த ராணுவமே சுட்டுக் கொன்ன பசங்க. ஓடிப்போனான், கோழைத்தனம் பண்ணான்னு சுடப்பட்டவங்கள்ல 306 பேருக்கு 2006 சட்டத்துலதான் மன்னிப்பு வந்துச்சு. லிங்கன்ஷயர்ல ஃபுல்ஸ்டோன்னு ஒரு கிராமம், 1917ல சுடப்பட்ட சார்ல்ஸ் கிர்மன் பேர போடக்கூடாதுன்னு சொன்னதும் "அப்போ எங்க யாரு பேரும் வேணாம்"னு தூணே வெக்காம விட்டுட்டாங்க, 2005ல தான் எல்லாப் பேரும் அவர் பேரோட சேந்து வந்துச்சு. கென்ட்ல ஷோரம் கிராமத்துல நேர் எதிர், 1914 செப்டம்பர்ல முதல்ல சுடப்பட்ட தாமஸ் ஹைகேட் பேர சேக்கலாமான்னு 2000ல கேட்டப்போ பாரிஷ் கவுன்சில் வேணாம்னு ஓட்டு போட்டுச்சு, பிற்காலத்துல மனசு மாறுனா போடலாம்னு கல்லுல இடம் மட்டும் விட்டாங்க. எனக்கு ஃபுல்ஸ்டோ ஆளுங்கள பிடிக்கும், ஆனா ஷோரம்ல பக்கத்து வரில புள்ள பேர் இருக்கிற குடும்பம் என்ன நினைச்சிருக்கும்னும் யோசிக்க வேண்டியிருக்கு. ஆக்ஸ்ஃபோர்ட் நியூ காலேஜ் இன்னும் ஒரு படி மேல, எதிரி பக்கம் சண்டை போட்டு செத்த அவங்களோட ஜெர்மன் மாணவர்களுக்கே 1930ல தனியா ஒரு கல்லு வெச்சாங்க.

நம்ம ஊர்க் கதையும் ஒரு வரி சொல்லிடுறேன். அதே போருக்கு ஆள் அனுப்புன இந்தியக் கிராமங்கள்ல, தமிழ்நாட்டுலயும் சில இடத்துல, "இந்தக் கிராமத்தில இருந்து இத்தனை பேர் போனாங்க, இத்தனை பேர் உயிர் விட்டாங்க"ன்னு இங்கிலீஷ்ல ஒரு பளிங்குப் பலகை இருக்கும். வெறும் நம்பர், பேரே கிடையாது. ஈராக்ல பாஸ்ரா நினைவுச்சின்னத்துலயும் இந்திய ஆபீஸர்களுக்குப் பேர் போட்டாங்க, சிப்பாய்களுக்கு எண்ணிக்கைதான். அங்க கமிட்டி கதவு தட்டி பேர் கேட்ட கதை எல்லாம் நடக்கவே இல்ல, அதனால மேல சொன்ன வழி எதுவும் அந்தப் பலகைக்கு வேலைக்கு ஆகாது.

கடைசியா, விட்டுப்போன பேர சேக்க முடியுமான்னு கேப்பீங்க. முடியும், ஆனா உளிய தூக்கிக்கிட்டு கிளம்பிடாதீங்க. தூண் யாருக்கு சொந்தம்னு முதல்ல பாருங்க, பெரும்பாலும் பாரிஷ் கவுன்சில், சர்ச் நிலத்துல இருந்தா மறுபடி அந்த ஃபேகல்ட்டி. லிஸ்டட் கட்டடமா (சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னமா) இருந்தா அதுக்கும் தனி அனுமதி வேணும். வார் மெமோரியல்ஸ் டிரஸ்ட்னு 1997ல ஆரம்பிச்ச அமைப்பு இருக்கு, கல்லுக்கு சேதம் இல்லாம எப்படி சேக்கிறதுன்னு ஆலோசனை சொல்வாங்க. கவுன்சில் மீட்டிங்குக்கு போகும்போது நீங்க போட்ட அந்தக் கட்டத்த பிரிண்ட் எடுத்துட்டுப் போங்க, ரெண்டு சென்சஸ் பக்கத்தையும் சேத்து. "பாவம்ங்க, சேத்துக்கோங்க"ன்னு கேட்டா யோசிப்பாங்க, "உங்க கமிட்டியே 1920ல வெச்ச தகுதிப்படி இவரும் வரணும், விட்டுட்டீங்க"ன்னு காட்டுனா மறுக்க கஷ்டம்.